எங்களுக்காகத் தறியை நிறுத்தியவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

இந்தக் கல்வியாண்டில் எங்கள் தொடர்பியல் துறை மாணவர்கள் பயிற்சி இதழ்கள் சில, ஓர் ஆவணப்படம், ஒரு தொடர் ஒலிச்சித்திரம் முடித்திருக்கிறார்கள். துறையின் ஆண்டறிக்கையில் இது மூன்று வரி. மேடையில் பொன்னாடை வாங்கியவர்கள் பெயர் அழைப்பிதழிலேயே இருக்கிறது. அதில் இல்லாதவர்களுக்கு இந்த மடல்.

முதலில் சேலத்து அம்மாப்பேட்டை, பக்கத்து இளம்பிள்ளைத் தறிக்காரர்களுக்கு. விசைத்தறி ஓடும் கூடத்தில் காலர் மைக் குத்திப் பேட்டி எடுத்தால் தேறாது. எடிட்டிங்கில் இரைச்சலைக் குறைக்கப் போனால் பேச்சும் சேர்ந்தே தேயும். 'ச'வும் 'த'வும் எது எதுவென்று தெரியாது, தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது மாதிரி இருக்கும். பேச்சைத் தறி நிற்கும்போது எடுக்க வேண்டும். தறிச் சத்தத்தைத் தனியாக இரண்டு நிமிடம் பதிந்து அடியில் போட்டுக்கொள்ள வேண்டும். பாடத்தில் இது ஒரு வரி. பட்டறையில் அப்படியில்லை. நெய்த அளவுக்குத்தான் கூலி. தறி நின்றால் காசு நின்றது. போதாததற்கு, நிறுத்தி ஓட்டிய இடத்தில் துணியில் குறுக்கே கோடு விழும், சேலை பழுதுக் கணக்கில் போய்விடும்.

வழி சொன்னதும் அவர்களே. பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், தீர்ந்து புதுப் பாவு பிணைக்கும் நேரத்தில் வரச் சொன்னார்கள், தறி எப்படியும் நிற்கும். அதைவிட நல்லது, மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை அறிவிக்கும் நாள். அன்றைக்குத் தெருவில் உள்ள எல்லாத் தறியும் ஓய்வு, ஃபேன்கூடச் சுற்றாது. முந்தின ராத்திரியே எல்லா பேட்டரியையும் சார்ஜ் போட்டுக்கொண்டால் போதும். நாளிதழில் மின்தடை அறிவிப்பைப் பார்த்துப் படப்பிடிப்புத் தேதி குறிக்கும் துறை வேறெங்காவது உண்டா, தெரியவில்லை.

சிவதாபுரத்துக் கொலுசுப் பட்டறைகளில் சிக்கல் வெளிச்சம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமரா ஷட்டர் வேகத்தை 1/60 நொடியில் வைத்தால் டியூப்லைட் வெளிச்சத்தில் படம் முழுக்கப் பட்டை ஓடும். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் பட்டை நிற்கும். கேமராவை ஆட்டோ முறையில் விட்டால் இன்னொன்று: வெள்ளி பளிச்சிடுவதைப் பார்த்துக் கேமரா தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், வேலை செய்பவர் முகம் கறுத்துப்போகும். இதற்காக ஜன்னலில் வெள்ளை வேட்டி கட்ட இடம் கொடுத்தார்கள். நெருப்பு ஆடக் கூடாதென்று வெள்ளியைப் பற்றவைத்து ஒட்டும்போது ஃபேனை நிறுத்திவிடுவார்கள். அந்தப் புழுக்கத்திலேயே நம் பிள்ளைகளுக்கு நல்ல ஒலியும் கிடைத்தது.

ஏற்காட்டுக்கு வருவோம். 1935ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் நுழைவாயில் வளைவு மட்டும் மிஞ்சி நிற்கிற அதே சாலைதான். அதைக் கடந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் பிரச்சினை காற்று. மைக்கோடு வரும் பஞ்சு உறை அங்கே உதவாது, ரோம உறை வேண்டும். அது இல்லாத நாளில் பேசுபவரைச் சில்வர் ஓக் மரத்தின் மறைவில், காற்றுக்கு முதுகு காட்டி உட்கார வைக்க வேண்டும். குளிரில் கிடந்த கேமராவை அடுப்பு எரியும் வீட்டுக்குள் கொண்டுபோனால் லென்ஸ் வேர்த்துவிடும். துடைக்கத் துடைக்கத் திரும்ப வரும். பையை மூடியபடி அரை மணி நேரம் வைத்திருந்து பிறகு திறக்க வேண்டும். அந்த அரை மணியும் திண்ணை தந்து, காப்பியும் தந்த வீடுகளுக்கு நன்றி.

எஸ்டேட் அக்காக்கள் செய்த திருத்தம் ஒன்று. விவரணையில் 'காப்பிக் கொட்டை பறிக்கிறார்கள்' என்று எழுதியிருந்தது. "பறிக்கிறது பழம் கண்ணு, கொட்டை அப்புறம்தான்" என்றார்கள். பழம் ஒரே நேரத்தில் பழுக்காது, ஒரே செடிக்கு மூன்று நான்கு தடவை போக வேண்டும் என்பதும் அவர்கள் சொல்லித்தான் படத்தில் சேர்ந்தது.

அச்சகத்தில் கணினியில் பக்கம் அமைக்கும் டிடிபி அண்ணனுக்கு ஒரு பெரிய கும்பிடு. பழைய எழுத்துருவில் அடித்ததை, இப்போது எல்லாக் கணினியிலும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றினால் நடுவில் கிடக்கும் ஆங்கிலச் சொல்லும் மேற்கோள் குறியும் உளறலாகும், ஏனென்றால் அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில்தான் தமிழை உட்கார வைத்திருக்கின்றன. பக்கம் அமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் 'கொ'வின் கொம்பு எழுத்தை விட்டுத் தள்ளி நிற்கும். இரண்டையும் கண்டுபிடித்து, அச்சுக்கான பிளேட் போடுவதற்கு முன் வேலையை நிறுத்தியவர் அவர். செய்தி எழுத்து நான்கு நிறமும் கலந்த கறுப்பில் இருந்ததையும் தனிக் கறுப்பாக மாற்றித் தந்தார். பிளேட் ஒரு மயிரிழை விலகினாலும் ஒவ்வொரு எழுத்துக்கும் நிழல் விழுந்திருக்கும்.

பேட்டி தந்த ஒவ்வொருவருக்கும் அவரவர் பகுதியை மொபைலுக்கு அனுப்புகிறோம். வாட்ஸ்அப்பில் வீடியோவாகப் போட்டால் நசுங்கிவிடும், டாக்குமென்டாகவே வரும், திறந்து பாருங்கள். முழுப் படத்தைத் தறித் தெருவிலேயே திரை கட்டிக் காட்டுகிறோம். அது மட்டும் மின்தடை இல்லாத நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள், ப்ரொஜெக்டருக்குக் கரன்ட் வேண்டும்.

இப்படிக்கு,
தொடர்பியல் துறை ஆசிரியர்கள், மாணவர்கள்
சேலம்