பன்வேல் முனையிலிருந்து

செம்பூர், மும்பை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. கார்த்திக்குக் கொங்கண் பக்கம் நெடுஞ்சாலை வேலை கிடைத்திருக்கிறது என்று படித்ததும் சரஸ்வதியைக் கூப்பிட்டு உரக்க வாசித்துக் காட்டினேன். அவளுக்கு உன் வீட்டு விசேஷம் போலவே சந்தோஷம். பையன் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் நீ கவலைப்படாதே. ரத்னகிரியிலும் சிப்லூனிலும் என்னோடு வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள், பேசிவிட்டேன். இங்கே மழைக்கு முந்திய புழுக்கம். சரஸ்வதிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பெரியவள் சிட்னியிலேயே வீடு வாங்கிவிட்டாள், இனி அவளைப் பார்க்க வேண்டும் என்றால் நாங்கள்தான் போக வேண்டும்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். சிட்னியிலிருந்து நான் அனுப்பிய பாலத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, "பாறை விழுகிற இடம் என்றால் கம்பிவலை போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே, இதற்காகக் கடலில் தூண் நட்டுப் பாலம் கட்டுவானேன்" என்று எழுதியிருந்தாய். வாழ்நாள் முழுக்கச் சாலை போட்டவன் நீ, கேட்க உனக்கு உரிமை உண்டு. ஆனால் இதில் நான் உன் பக்கம் இல்லை. கார்த்திக் போகிற இடமும் அதே மாதிரி இடம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்தப் பாலத்தின் பெயர் சீ கிளிஃப் பாலம். சிட்னிக்குத் தெற்கே, வுலங்காங் போகும் கடலோரச் சாலையில், கோல்கிளிஃப், கிளிஃப்டன் என்ற இரண்டு சிற்றூர்களுக்கு நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் செங்குத்தான மலை, மறு பக்கம் கடல். பழைய சாலை மலையின் அடியைச் செதுக்கி அதை ஒட்டியே போனது. அந்த மலையின் மேலடுக்கு கெட்டியான மணற்கல். அதற்குக் கீழே களிமண் பாறையும் நிலக்கரியும். மழையும் உப்புக்காற்றும் கீழே இருப்பதை அரித்துக்கொண்டே இருக்கும். அடியில் பிடிமானம் போனதும் மேலே உள்ள மணற்கல் பாளம் பாளமாக உடைந்து விழும். சாலை போடுவதற்கு முன்பும் விழுந்துகொண்டுதான் இருந்தது, இன்றும் விழுகிறது. 1797-இல் கல்கத்தாவிலிருந்து போன 'சிட்னி கோவ்' என்ற கப்பல் உடைந்தபோது, கரையோரமாகவே நடந்து சிட்னிக்குப் போன ஒரு கூட்டம்தான் இந்த மலையடியில் நிலக்கரியைக் கண்டது. அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் நம் நாட்டு லஸ்கர் மாலுமிகள். வழியிலேயே பலர் போய்விட்டார்கள். உயிரோடு மீட்கப்பட்ட மூன்று பேரில் ஒருவர் லஸ்கர். அந்த இடத்தில் நின்றபோது இதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

2003 ஆகஸ்டில் பாறை விழுவது கட்டுக்கு அடங்காமல் போய், சாலையை மூடிவிட்டார்கள். அந்தப் பக்கத்துச் சிற்றூர்களுக்கு அது பெரிய அடி. பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும் கடை வியாபாரமும் எல்லாம் சுற்றுவழியாயிற்று. மலையை இன்னும் வெட்டலாம், ஆணி அடிக்கலாம், வலை போடலாம் என்று யோசனைகள் இருந்தன. கடைசியில் மலையை அதன் போக்கில் விட்டுவிட்டு, சாலையை மட்டும் கடல் பக்கம் தள்ளி எடுத்துப் போவது என்று முடிவு செய்தார்கள். 2005 டிசம்பரில் பாலம் திறந்தாயிற்று. மொத்தம் 665 மீட்டர். செலவு சுமார் 5.2 கோடி ஆஸ்திரேலிய டாலர்.

பார்க்க ஒரே பாலம் போல வளைந்து போனாலும் அது இரண்டு பாலம். நீளமான பகுதி, சுமார் 455 மீட்டர், தூண் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் சமமாக நீட்டிக் கட்டியது. காவடி எடுக்கிறவன் தோளில் இரு பக்கப் பாரமும் ஒத்துப்போவது போல, இந்தப் பக்கம் ஒரு துண்டு கான்கிரீட் போட்டால் அந்தப் பக்கமும் ஒரு துண்டு. கேபிளை இழுத்து இறுக்கிவிட்டு அடுத்த துண்டு. கீழே சாரம் கட்டத் தேவையில்லை. அலை அடிக்கிற இடத்தில் சாரம் எங்கே கட்டுவது? மீதி 210 மீட்டர், கரையிலேயே துண்டு துண்டாக வார்த்து, ஜாக்கி வைத்து முன்னால் தள்ளிக்கொண்டே போனது. இந்தத் தள்ளுகிற முறையில் நம் நாட்டில் முதலில் கட்டியது கொங்கண் ரயிலின் பன்வல் நதிப் பாலம்தான். ரத்னகிரிக்குப் பக்கத்தில், 64 மீட்டர் உயரம், 424 மீட்டர் நீளம். கார்த்திக் சேர்ந்த முதல் மாதமே போய் அதைப் பார்க்க வேண்டும் என்று சொல்.

பாலத்தின் நடைபாதையில் நின்று மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மலைக்கும் பாலத்துக்கும் நடுவில் வெற்றிடம். பழைய சாலையின் தடம் தெரிகிறது, அதன் மேலும் கீழும் உதிர்ந்த பாறைகள் கிடக்கின்றன. அந்த வெற்றிடம்தான் எனக்குப் பாலத்தை விடப் பெரிதாகப் பட்டது செல்வம். பாறை விழுவதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். விழும், யார் தலையிலும் விழாது.

இதைவிடப் பெரிய வேலை இந்தியப் பெருங்கடலில் இருக்கிற பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் நடந்தது. நம் பாண்டிச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோன கூலிகளின் வாரிசுகள் இன்றும் கோயில் கட்டித் தீமிதிக்கிற தீவு. தலைநகர் சேன்-தெனியையும் மேற்கேயுள்ள ல பொசெசியோனையும் இணைக்கிற சாலை 1963-இல் மலையடியிலேயே போடப்பட்டது, எழுபதுகளில் நான்கு வழியாயிற்று. எரிமலைப் பாறைச் சுவர் தலைக்கு மேல், அலை காலடியில். மழை பெய்தாலே மலைப் பக்க வழிகளை மூடி, எல்லா வண்டியையும் கடல் பக்க வழிகளில் விடுவார்கள். வலையும் தடுப்பும் போட்டுத்தான் இருந்தார்கள். 2006 மார்ச்சில் மலை ஒரு பெரும் துண்டாகச் சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். அதற்கு அப்புறம் வந்ததுதான் கடலுக்குள்ளேயே 5.4 கிலோமீட்டர் ஓடுகிற பாலம். கடலில் 48 தூண்கள். அடித்தளமும் தூணும் கரையில் வார்த்து, எட்டுக் கால் ஊன்றி நிற்கிற ஒரு பிரம்மாண்ட மிதவையில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினார்கள். பத்து மீட்டர் அலையைத் தாங்கும்படி கணக்குப் போட்டது. 2022 ஆகஸ்டில் முதல் வண்டிகள் ஓடின.

நீ பணத்தைப் பற்றிக் கேட்பாய். நியாயம்தான். அந்தப் பாலத்துக்கும் மீதிச் சாலைக்கும் சேர்த்து 160 கோடி யூரோவுக்கு மேல் என்று தொடங்கிய கணக்கு, அதையும் தாண்டிப் போனது. மீதித் தூரத்தைக் கல் கொட்டிக் கரை எழுப்பி முடிக்கலாம் என்று நினைத்தார்கள். அதற்கு வேண்டிய கல்லுக்குப் புதுக் குவாரி திறக்க ஊர் மக்கள் ஒப்பவில்லை. கடைசியில் மீதிக்கும் பாலமே என்று முடிவு. இப்போதைய பாலம் முடிகிற கிராந்த் ஷலூப் என்ற இடத்தில்தான், கப்பலில் வந்து இறங்கிய நம் ஆட்களைத் தொற்றுநோய்க்குப் பயந்து அடைத்து வைத்திருந்த கட்டடங்கள் இருக்கின்றன. 1860-களில் கட்டியவை, இன்றும் நிற்கின்றன.

வலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொங்கண் ரயிலைப் பார். 2003 ஜூனில் வைபவ்வாடி பக்கம் தண்டவாளத்தில் சரிந்து கிடந்த பாறையில் ரயில் மோதி 50 பேருக்கு மேல் போனார்கள். அடுத்த வருஷமே மத்ஸ்யகந்தா எக்ஸ்பிரஸும் அதே மாதிரி பாறையில் மோதியது. அதன் பிறகு வெட்டுச் சரிவுகளைச் சாய்வாக்கினார்கள், தளர்ந்த பாறைகளை உடைத்து அகற்றினார்கள், வலை போட்டார்கள், மண் நகர்ந்தால் சிக்னலைச் சிவப்பாக்குகிற 'ரக்ஷா தாகா' என்ற கம்பியைக் கட்டினார்கள். மழைக்காலத்துக்குத் தனி அட்டவணை, குறைந்த வேகம், இரவு பகலாக ரோந்து. நீயும் நேத்ராவதி எக்ஸ்பிரஸில் மழைக்காலத்தில் வந்தபோது ரயில் ஊர்ந்ததைப் பார்த்திருப்பாய். அதெல்லாம் நல்ல வேலை. பாறை தனித்தனியாக உதிர்கிற இடத்தில் வலை தாங்கும். மலைச்சரிவு முழுவதுமே நகர்கிற இடத்தில் வலையும் சேர்ந்து போய்விடும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் எல்லா வெட்டுக்கும் ஒரே வைத்தியம் செய்வதுதான் என் மனக்குறை.

கொங்கணில் மேலே செம்பாறை, அடியில் கருங்கல். நடுவில் பல இடங்களில் வழவழப்பான களிமண் அடுக்கு ஒன்று இருக்கும். வெயிலில் கல் போல நிற்கும். ஆடி மாதம் தண்ணீர் இறங்கிவிட்டால் வலுவெல்லாம் போய்விடும், மேலே உள்ளது அப்படியே வழுக்கிக்கொண்டு வரும். அந்த அடுக்கின் அடியைச் செங்குத்தாக வெட்டிவிட்டு முகத்தில் சிமெண்ட் பூசினால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் வெளியே வரத் துளை விடாமல் பூசினால் இன்னும் மோசம், உள்ளே அழுத்தம் ஏறும்.

தேசிய நெடுஞ்சாலை 66 பன்வேலில், என் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை, தொடங்கி உன் நாகர்கோவிலைத் தொட்டுக் கன்னியாகுமரியில் முடிகிறது. அதே சாலையில்தான் 2024 ஜூலை 16 காலை, கர்நாடகத்து அங்கோலா ஊர்ப் பக்கம் ஷிரூரில், மலைச்சரிவு மொத்தமாக இறங்கி சாலையைத் தாண்டிக் கங்காவளி ஆற்றில் விழுந்தது. சாலையோரத்து டீக்கடையில் இருந்த குடும்பம், டீ குடிக்க நிறுத்தியிருந்த டிரைவர்கள். செத்தவர்களில் நம் தமிழ்நாட்டு டேங்கர் டிரைவர்களும் உண்டு. கேரளத்து லாரி ஒன்றை ஆற்றடியிலிருந்து எடுக்கச் செப்டம்பர் வரை ஆயிற்று. சாலையை அகலப்படுத்த மலையைச் செங்குத்தாக வெட்டியதையும் புவியியல் ஆய்வுத் துறை ஒரு காரணமாகச் சொன்னது. மூன்று வாரம் கழித்து அதே சாலையில் கார்வார் காளி ஆற்றின் பழைய பாலம் நள்ளிரவில் இடிந்தது. அதில் விழுந்ததும் தமிழ்நாட்டு லாரி. நல்லவேளை, டிரைவரைக் காப்பாற்றிவிட்டார்கள். இந்தச் சாலையில் இரவெல்லாம் ஓட்டுகிறவர்களில் எத்தனையோ பேர் நம் ஆட்கள். அதனால்தான் இந்தப் பேச்சில் எனக்கு நிதானம் இருப்பதில்லை.

ஷிரூர் போன்ற இடங்களில் கடலுக்கோ ஆற்றுக்கோ தள்ளித் தூண் நட்டுப் பாலமாகப் போயிருந்தால் செலவு பல மடங்குதான். எல்லா வளைவுக்கும் அது முடியாது, நானும் கேட்கவில்லை. ஆனால் சரிவு முழுவதும் உயிரோடு நகர்கிற இடம் என்று தெரிந்தால், அங்கே சாலையை அகலப்படுத்துவதற்கு முன் பாலத்தின் கணக்கையும் ஒரு தடவை மேஜையில் வைக்க வேண்டும். வருஷா வருஷம் மண் அள்ளுகிற செலவையும், மூடிக் கிடக்கிற நாட்களையும், போகிற உயிர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். இப்போது யாரும் சேர்ப்பதில்லை. வெட்டுவதற்கு மட்டும்தான் கன மீட்டருக்கு இவ்வளவு என்று ரேட் இருக்கிறது.

பாலமும் சாமி மாதிரி என்றைக்கும் அப்படியே நின்றுவிடாது என்பதையும் கார்த்திக்குச் சொல். கடலில் நிற்கும் தூணுக்கு உப்புதான் எதிரி. கம்பிக்கு மேலே கான்கிரீட் கவர் குறைந்தால், நீர் புகுகிற கான்கிரீட்டாக இருந்தால், பத்து வருஷத்தில் துரு வெடித்து வெளியே வரும். அந்தக் கவர் குறையாமல் இருக்கக் கம்பிக்கு அடியில் சின்னக் கட்டை, கவர் பிளாக், வைக்கிற பையனைக் கூடவே நின்று பார்க்கச் சொல்.

அப்புறம், வெட்டின் அடியில் மட்டும் நின்று டிராயிங் பார்க்க வேண்டாம். மலை உச்சிக்கு ஏறிப் போக வேண்டும். மேலே விரிசல் இருக்கிறதா, மழைநீரைத் திருப்பிவிடுகிற வாய்க்கால் அடைத்திருக்கிறதா, மரங்கள் சாய்ந்து நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பக்கத்து ஊர்க் கிழவர்களிடமும் ரயில்வே ரோந்துக்காரர்களிடமும் எந்த இடம் முன்பு சரிந்தது என்று கேட்க வேண்டும். மராத்தி சீக்கிரம் கற்றுக்கொள்ளட்டும், இந்த விஷயத்தில் அது பெரிய கருவி. மேலதிகாரி அவசரப்படுத்தினாலும் சரிவைப் பற்றித் தோன்றுவதை எழுத்தில் கொடுக்கத் தயங்கக் கூடாது. சின்ன வேலைக்காரன் எழுதிய குறிப்பு ஒன்று கோப்பில் இருந்தால் பின்னால் வருகிறவனுக்கு அது உதவும்.

வேலையில் சேருமுன் இரண்டு நாள் செம்பூரில் தங்கிப் போகச் சொல். சரஸ்வதி அவனுக்குப் பிடித்த உளுந்தங்கஞ்சி செய்து வைப்பாள். நீயும் வந்தால் இன்னும் நல்லது, மழைக்கு முன்னால் வா. அவன் வேலை எந்தக் கிலோமீட்டரிலிருந்து எந்தக் கிலோமீட்டர் வரை என்று மட்டும் கேட்டு எழுது. அந்தப் பக்கத்து வெட்டுகளின் பழைய படங்கள் என் பீரோவில் இருக்கும், தேடி எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
ராமு