சான்றிதழுக்கும் சம்பளத்துக்கும் நடுவே நின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் வட்டார இளையர் தொழிற்பயிற்சி வழிகாட்டுக் குழு இவ்வாண்டுக்கான அறிக்கையைக் கொடுத்துவிட்டது. அதில் எண்கள் இருக்கின்றன, உதவியவர்கள் இல்லை. பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால், செய்த வேலையைச் சொல்லியே நன்றி கூறுகிறோம். வேறு வட்டாரத்தில் இப்படியொரு குழு தொடங்க நினைப்பவர்களுக்கும் உதவும் என்பதால் விவரங்களைச் சற்று நீட்டியே எழுதுகிறோம்.

சிங்கப்பூரில் பயிற்சிக்குப் பஞ்சமில்லை. ஐடிஇ எனப்படும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்கு அங் மோ கியோ, சீமெய், சுவா சூ காங் என்று மூன்று பெரிய வளாகங்கள். பலதுறைத் தொழிற்கல்லூரிகள் ஐந்து. திறன் பயிற்சிக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர், வேலை தேட ஊழியரணி சிங்கப்பூர் என்று இரண்டு அரசு அமைப்புகள் 2016இல் அமைந்தன. நம் சமூகத்துக்கென்று 1991 முதல் சிண்டா எனும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் இருக்கிறது. இத்தனைக்கும் மேல் வட்டாரக் குழு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வகுப்பு நடத்துவது எங்கள் வேலையே இல்லை. வகுப்பில் சேரும் முன்பும், முடித்த பிறகு முதல் மூன்று மாதமும் இளையர்கள் எங்கே வழுக்கி விழுகிறார்கள் என்று பார்த்து அங்கே ஓர் ஆளை நிறுத்துவதுதான் வேலை. அப்படி வந்து நின்றவர்கள் நீங்கள்.

முதல் நன்றி, காக்கி புக்கிட்டில் ஏர்கான் பட்டறை வைத்திருக்கும் அண்ணனுக்கு. ஏர்கான் வேலைக்குப் போகும் இளையர்கள் சில மாதங்களில் நின்றுவிடுவதற்கு வெயில், குறைந்த சம்பளம் என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. புதியவரின் கையில் செம்புக் குழாயை யாரும் கொடுப்பதில்லை என்பதுதான் காரணம் என்றார். ஃப்ளேர், அதாவது இணைப்பதற்காகப் புனல்போல் விரித்த குழாய் முனை, சரியாக அமையாமல் கேஸ் கசிந்தால் அதே வீட்டுக்குக் காசு வாங்காமல் மறுபடி போக வேண்டும். வேன் செலவு, இரண்டு பேரின் அரைநாள், வீட்டுக்காரரின் ஏச்சு எல்லாம் முதலாளி தலையில். அதனால் புதியவர் ஏணி தூக்குவார், ஃபில்டர் கழுவுவார், அழுக்குத் தண்ணீர் வாளியைக் கொட்டுவார். மாதக்கணக்கில் இதையே செய்தால் யாருக்குத்தான் மனம் நிற்கும்?

இதற்கு அவர் கண்ட வழி ஒரு பழகு மேசை. தடித்த பிளைவுட் பலகை, அதில் நிற்கும் ஒரு பழைய உள்சாதனம், ஒரு பழைய வெளிச்சாதனம். இடையே கால் அங்குலக் குழாயும் 3/8 அங்குலக் குழாயும் போகும். கூடவே குழாய் வெட்டி, பிசிறு எடுக்கும் ரீமர், ஃப்ளேர் கருவி, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனர், ரெகுலேட்டர் பொருத்திய நைட்ரஜன் சிலிண்டர், வேக்கம் பம்ப். மேசையில் குளிர்வாயு ஏற்றுவதில்லை. இப்போது புதிய வீட்டு ஏர்கான்களில் பரவலாக இருக்கும் ஆர்32 வாயு இலேசாகத் தீப்பற்றக்கூடியது, பழகுகிற இடத்தில் அது வேண்டாம் என்பது அவர் கட்டளை. ஆக்சிஜனுக்கு அடியோடு தடை. சாதனத்துக்குள் இருக்கும் எண்ணெயோடு அது சேர்ந்தால் வெடிக்கும்.

அந்த மேசையில் அவர் திருத்தும் தவறுகள் எப்போதும் ஒரே வரிசையில்தான் வரும். வெட்டியை ஒரே திருகாக இறுக்கினால் குழாய் வட்டம் குலைந்து நசுங்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். பிசிறு எடுக்கும்போது குழாயின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும், இல்லையென்றால் செம்புத் துகள் உள்ளே விழுந்து பிறகு கம்ப்ரசர் வரை போகும். பிசிறு எடுக்காமல் விட்டால் ஃப்ளேரின் விளிம்பு கீறும். நட்டை மாட்ட மறந்துவிட்டு ஃப்ளேர் செய்துமுடித்து முழிப்பது எல்லாருக்கும் ஒருமுறையாவது நடக்கும். கடைசியாக இறுக்கும் அளவு: கால் அங்குலத்துக்குச் சுமார் 15 நியூட்டன் மீட்டர், 3/8க்குச் சுமார் 35. பலமுள்ள பையன்கள் இரண்டையும் ஒரே மாதிரி இறுக்கிச் சின்னதைப் பிளந்துவிடுவார்கள். முதலில் விரலால் முடிந்தவரை சுற்று, பிறகு ஸ்பேனரை எடு என்பார். நைட்ரஜன் ஏற்றிச் சோப்புத் தண்ணீர் பூசிக் குமிழி வருகிறதா பார்த்து, பிறகு வேக்கம் பம்பை ஓட்டிக் குழாய்க்குள் அழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கி, வால்வை மூடிவிட்டு அழுத்தமானி முள் ஏறுகிறதா என்று காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பில்தான் அவசரக்காரர்கள் யார் என்று தெரிந்துவிடும்.

15 மீட்டர் சுருள் ஒன்றை 10 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டினால் 150 துண்டு. இரண்டு முனையிலும் செய்தால் 300 ஃப்ளேர். ஒருவருக்கு முப்பது என்று வைத்தால் பத்துப் பேருக்குப் போதும். முப்பது ஃப்ளேர் போட்டுப் பழகிய பிள்ளைக்கு இரண்டாம் வாரமே குழாயைத் தரச் சம்மதித்த மற்றப் பட்டறைக்காரர்களுக்கும் இங்கேயே நன்றி. அவர்கள் இணங்கியிராவிட்டால் மேசை வெறும் காட்சிப்பொருளாக நின்றிருக்கும். துண்டுகளைக் காராங்குனிக்கு, அதாவது பழைய சாமான் வாங்குபவருக்கு, போட்ட காசு அடுத்த சுருளின் விலையில் ஒரு பங்குக்கு ஆனது.

அடுத்து, சம்பளச் சீட்டு வாசிக்கக் கற்றுக்கொடுத்த கணக்கர் அக்காவுக்கு. இரண்டாயிரம் வெள்ளி என்று பேசி வேலையில் சேர்ந்து, மாதக் கடைசியில் வங்கியில் 1,595 விழுந்ததும் “ஏமாற்றிவிட்டார்கள்” என்று வேலையை விட்டவர்கள் உண்டு. அக்கா வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டுவது இதுதான்: மத்திய சேம நிதிக்கு ஊழியர் பங்கு 20 விழுக்காடு, 400 வெள்ளி. சிண்டா நிதிக்கு அந்தச் சம்பளத்தில் 5 வெள்ளி. முதலாளி தன் பங்காக 17 விழுக்காடு, 340 வெள்ளி, தனியாகக் கட்டுகிறார். அது சம்பளத்தில் பிடித்த பணம் இல்லை. ஆகவே “சேம நிதி வேண்டாம், முழுச் சம்பளத்தையும் கையில் தருகிறேன்” என்று ஒருவர் ஆசைகாட்டினால், மாதம் 340 வெள்ளியை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார் என்று பொருள். சட்டப்படி அது குற்றமும்கூட.

மிகைநேரக் கணக்குதான் அவருடைய வகுப்பில் சூடு பிடிக்கும் இடம். அடிப்படைச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி 2,288ஆல் வகுக்க வேண்டும். 52 வாரத்தை 44 மணியால் பெருக்கினால் வருவது அந்த 2,288. இரண்டாயிரத்துக்கு மணிக்கு 10.49 வெள்ளி, ஒன்றரை மடங்கு 15.73. மாதத்துக்கு 26 நாள், நாளுக்கு 8 மணி என்று வகுத்துவிடும் இடங்களில் அது 14.42 ஆகிவிடும். மாதம் 40 மணி மிகைநேரம் பார்ப்பவருக்கு ஐம்பது வெள்ளிக்கு மேல் குறையும். பெரும்பாலும் கணக்குத் தெரியாமல் செய்வதுதான், காட்டினால் திருத்திவிடுகிறார்கள். சண்டைக்குப் போகாமல் சீட்டையும் கைப்பேசிக் கணிப்பானையும் பக்கத்தில் வைத்துக் கேட்கச் சொல்லிக் கொடுத்தாரே, அதற்குத் தனியாக ஒரு நன்றி.

முக்கிய வேலை நிபந்தனைகளை வேலைக்குச் சேர்ந்த 14 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும் என்பது 2016 ஏப்ரல் முதல் சட்டம். அதில் எதை முதலில் பார்ப்பது? சம்பளத்தை எல்லாரும் பார்ப்பார்கள். விலகுவதற்கான முன்னறிவிப்புக் காலத்தையும், பயிற்சிக்குப் பதிலாக இத்தனை மாதம் இருந்தே ஆக வேண்டும் என்கிற ஒப்பந்த வரியையும் பாருங்கள் என்று சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கொடுத்தது அவர்தான்.

சமூக மன்றத்தின் முகப்பு ஊழியர்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரியது, வெளியே தெரியாதது. மானியம் உள்ள பயிற்சிகளில் குறைந்தது 75 விழுக்காடு வருகை வேண்டும். வருகைப் பதிவு இப்போது பெரும்பாலும் அரசின் மின்னடையாளச் செயலியான சிங்பாஸில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்துதான். வகுப்புக்கு ஒழுங்காக வந்தும் செயலி வேலை செய்யாததால் பதிவு விட்டுப்போகிறவர்கள் இருக்கிறார்கள். கைப்பேசியை மாற்றியபின் மறுபடி அமைக்கவில்லை, கடவுச்சொல் மறந்துவிட்டது, பழைய எண்ணுக்குக் குறுஞ்செய்தி போகிறது, காரணம் இப்படித்தான் இருக்கும். வகுப்புத் தொடங்குவதற்கு முந்தின வாரமே ஒவ்வொருவரின் கைப்பேசியையும் திறந்து பார்த்துச் சரிசெய்து அனுப்பினீர்கள். எங்கள் பதிவுப் படிவத்தில் அடையாள அட்டை எண் கேட்கும் கட்டத்தை அடித்துவிட்டதும் நீங்கள்தான். 2019 செப்டம்பருக்குப் பிறகு சட்டத் தேவை இல்லாமல் அதை வாங்கக்கூடாது. பெயர், தொலைபேசி எண், வயது, வரமுடிகிற நேரம், தேசிய சேவைத் தேதி: இவ்வளவு போதும்.

தேசிய சேவைத் தேதி எதற்கு என்று கேட்காதீர்கள். ஆறு மாதப் பயிற்சியில் சேர்ந்து நான்காம் மாதம் கட்டாய ராணுவப் பயிற்சிக்காக முகாமுக்குப் போவதைவிட வீண் வேறில்லை. அதற்கு முன் குறுகிய பயிற்சிகளை மட்டும் முடித்து, பட்டயப் படிப்பைப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொல்லி வீடுவீடாக எடுத்துச் சொன்ன முன்னாள் ஐடிஇ விரிவுரையாளர்களுக்கு நன்றி. 25 வயதாகாத பிள்ளைக்கு பயிற்சிக் கட்டணத்துக்கு அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை கிடையாது என்பதும், அதற்குப் பதில் உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கில் பணம் இருக்கலாம் என்பதும் பல பெற்றோருக்குப் புதுச் செய்தி. 2024 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்த ஐடிஇ மேம்பாட்டு விருதையும் நீங்கள்தான் விளக்கினீர்கள். 30 வயதுக்கு மேற்படாத சிங்கப்பூரரான ஐடிஇ பட்டதாரி பட்டயப் படிப்பில் சேரும்போது அந்தக் கல்விக் கணக்கில் 5,000 வெள்ளி, முடித்தால் சேம நிதியின் சாதாரணக் கணக்கில் 10,000.

மேற்குக் கோடியில் துவாஸில் காலை 7 மணிக்கு வேலை தொடங்கும் பட்டறைக்கு, வடகிழக்கே செங்காங்கில் இருக்கும் பிள்ளை முதல் ரயிலைப் பிடித்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஆர்வம் இல்லை, சோம்பேறி என்று இதைத்தான் எழுதிவைக்கிறார்கள். புதியவர்களுக்கு மட்டும் முதல் மூன்று மாதம் 8 மணித் தொடக்கம் கொடுத்த முதலாளிக்கும், தன் வேனை வழியில் ரயில் நிலையத்தில் நிறுத்தி ஏற்றிக்கொண்ட மேற்பார்வையாளருக்கும் நன்றி.

எங்களிடம் ஆள் எடுக்க மறுத்த ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். மற்றவர்கள் “பார்க்கலாம்” என்று சொல்லி நழுவியபோது, அவர் உட்கார்ந்து காரணத்தைச் சொன்னார். தம்மிடம் சொல்லிக்கொடுக்கக்கூடிய மூத்த ஊழியர் ஒருவர்தான் இருக்கிறார், அவரும் பாதி நாள் வெளி வேலையில், இந்த நிலையில் புதியவரை எடுத்தால் அந்தப் பிள்ளை மூலையில் உட்கார்ந்திருக்கும் என்றார். அன்றிலிருந்து முதலாளிகளிடம் எங்கள் முதல் கேள்வி எத்தனை இடம் காலி என்பதில்லை. சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார், அவர் நாளில் எத்தனை மணி பட்டறையில் இருப்பார் என்பதுதான். வாயால் வடை சுடும் உறுதிமொழிகள் இந்தக் கேள்வியிலேயே உதிர்ந்துவிடுகின்றன.

வேலைக்குச் சேர்ந்தவர்களைத் தொலைபேசியில் அழைத்துப் பேசிய ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இரண்டாம் வாரம், முதல் சம்பளம் வந்த மறுநாள், மூன்றாம் மாதம், இந்த மூன்று அழைப்பும் தவறவில்லை. இரவு 8 மணிக்குமேல்தான் அழைக்க வேண்டும், அதற்கு முன்னால் ரயிலில் இருப்பார்கள். “வேலை எப்படிப் போகிறது?” என்றால் “ஓகே சார்” என்று முடிந்துபோகும். “நேற்று எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தாய்? இந்த மாதம் புதிதாக எந்தக் கருவியைக் கையில் தந்தார்கள்? மதியம் யாரோடு சாப்பிடுகிறாய்?” என்று கேட்டீர்கள். தனியாகச் சாப்பிடுகிறேன் என்று சொன்ன பிள்ளைகளை அந்த வாரமே போய்ப் பார்க்க வேண்டும் என்ற வழக்கம் உங்களால் வந்தது. எத்தனை சான்றிதழ் என்பதைவிட, மூன்றாம் மாத முடிவில் எத்தனை பேர் அதே வேலையில் இருக்கிறார்கள் என்ற ஒரே எண்ணைக் குழுக் கூட்டத்தின் முதல் தாளில் போடச் சொன்னவர்களும் நீங்களே. போடத் தொடங்கியபின் கூட்டங்களில் பேச்சு குறைந்திருக்கிறது, நல்லதுதான்.

பாதியில் நின்றுபோன பிள்ளைகளே, ஏன் நின்றீர்கள் என்று கேட்டபோது மழுப்பாமல் பதில் சொன்னீர்கள். மேலே எழுதியதில் பாதி உங்களிடம் கற்றது. உங்களுக்காகக் கதவு திறந்தே இருக்கிறது, திரும்பி வந்து கேளுங்கள்.

சனிக்கிழமைகளில் சுண்டலும் டீயும் கொண்டுவந்த அம்மாக்களுக்கு: பாத்திரங்கள் மூன்று இன்னும் எங்களிடம் இருக்கின்றன.

அடுத்த தொகுதிக்கு மின்கம்பி வேலைக்கும் ஒரு பழகு மேசை செய்யப்போகிறோம். மின்சாரம் இல்லாமல் இணைத்துப் பழகி, உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவர் சோதித்த பிறகே 230 வோல்ட் கொடுக்க வேண்டும். அதற்கு மாதம் இரண்டு சனிக்கிழமை காலை வரக்கூடிய உரிமம் உள்ளவர் ஒருவர் தேவை. பழைய விநியோகப் பெட்டி, சர்க்யூட் பிரேக்கர்கள், கம்பித் துண்டுகள் வைத்திருப்பவர்கள் சமூக மன்ற முகப்பில் கொடுக்கலாம். செம்புச் சுருளும் தீர்ந்துவிட்டது.

நன்றியுடன்,
வட்டார இளையர் தொழிற்பயிற்சி வழிகாட்டுக் குழுவினர்
சிங்கப்பூர்