மறதிநோய் முதியோரின் பகற்பொழுது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோர் இல்லங்களில் தங்கியிருக்கும் மறதிநோயாளிகளின் பகற்பொழுது எப்படிக் கழிகிறது என்பதை அரசும் குடும்பத்தாரும் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். உணவு, மருந்து, தூய்மை மூன்றும் குறைவின்றி நடக்கும் இல்லங்களில்கூட, காலைக் குளியல் முடிந்ததும் தொலைக்காட்சிக்கு எதிரே வரிசையாக அமர்த்தப்பட்டு, மாலை வரை அப்படியே இருக்கும் முதியவர்களைப் பணிக்காலத்தில் பலமுறை கண்டு வருந்தியிருக்கிறேன்.

மறதிநோய்களில் பரவலாகக் காணப்படும் அல்சைமர் நோய் பெரும்பாலும் அண்மை நினைவுகளைத்தான் முதலில் அழிக்கிறது. பல்லாண்டுகள் செய்து கைக்குப் பழகிய வேலைகள் நெடுநாள் தங்கியிருக்கும். பெற்ற மகளின் பெயரை மறந்த மூதாட்டி, மல்லிகை மொட்டுகளை நாரில் பிசகாமல் தொடுப்பார். தறியில் உழைத்தவர் நூற்சிக்கலைப் பொறுமையாகப் பிரிப்பார். மொச்சை உரிப்பது, முறத்தில் அரிசி புடைப்பது, துவைத்த துண்டுகளை மடிப்பது என்று அவரவர் வாழ்க்கையோடு ஒட்டிய வேலைகளைக் கொடுக்கலாம். ஆனால் அவை ஒப்புக்குக் கொடுப்பவையாக இருக்கக் கூடாது. தொடுத்த சரம் அன்றே சுவாமி படத்துக்குச் சாத்தப்பட வேண்டும், உரித்த மொச்சை அன்றைய குழம்பில் சேர வேண்டும். அறுபது ஆண்டுகள் குடும்பம் நடத்தியவரிடம் குழந்தைகள் வண்ணம் தீட்டும் புத்தகத்தை நீட்டுவது அவரைச் சிறுமைப்படுத்துவதாகும்.

சாயங்காலம் இவர்களில் பலருக்குப் பதற்றம் கூடும். அப்போது மனநோய் மாத்திரையை நாடும் வழக்கம் ஆபத்தானது. அத்தகைய மருந்துகள் மறதிநோய் முதியோரின் இறப்பு அபாயத்தைக் கூட்டுவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்தது. பிற்பகலில் கைக்கு வேலையும் பேச்சுத்துணையும் கிடைத்தால் அந்தப் பதற்றம் பலருக்குத் தணியும்.

வழிமுறை இல்லையென்று சொல்லவும் இடமில்லை. இங்கிலாந்தில் உருவாகி, வாரம் இருமுறை வீதம் 14 அமர்வுகளாக நடக்கும், மறதிநோயாளிகளைப் பேச்சாலும் விளையாட்டாலும் சிந்திக்கத் தூண்டும் அறிவுத்திறன் தூண்டல் குழுப்பயிற்சியைச் சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநல ஆய்வு நிறுவனம் தமிழ்ச் சூழலுக்கேற்பத் தகவமைத்திருக்கிறது. உண்மையான தடை ஆள் பற்றாக்குறைதான். குறைந்த சம்பளத்தில் பலரைக் குளிப்பாட்டி ஊட்டிவிடும் பணியாளரிடமே இதையும் சுமத்துவது நியாயமாகாது; இதற்கெனப் பயிற்சி பெற்ற ஒருவரை ஒவ்வோர் இல்லமும் அமர்த்த வேண்டும்.

சேர்க்கும் நாளில் குடும்பத்தார், தம் பெற்றோர் பார்த்த தொழில், விரும்பிக் கேட்ட பாட்டு, கும்பிட்ட தெய்வம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். ஆய்வுக்கு வரும் சமூகநலத் துறை அலுவலர்கள், சமையலறையையும் கழிப்பறையையும் பார்ப்பதோடு, முந்தைய வாரம் ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்ற பதிவேட்டையும் கேட்டுப் பார்க்குமாறு அரசு ஆணையிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தஞ்சாவூர்.