சர்வீஸ் ரோட்டுக்கு உள்ளே ஒரு நெட்டைக் கோபுரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் - கொச்சி நெடுஞ்சாலைப் பயணம் பற்றிச் சென்ற இதழில் நீங்கள் போட்டிருந்த நான்கு பக்கங்களையும் படித்தேன். எந்த ஊரில் காபி நன்றாக இருக்கும், எங்கே கழிப்பறை சுத்தமாக இருக்கும், வழியில் எத்தனை டோல்கேட் என்று எல்லாம் இருந்தது. பயனுள்ளதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் பெருந்துறைக்கும் செங்கப்பள்ளிக்கும் நடுவில் உள்ள விஜயமங்கலம் என்ற பெயர் ஒரே ஓர் இடத்தில்தான் வந்திருந்தது. அதுவும் டோல்கேட்டின் பெயராக. ஊர் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ஈரோடு - கோவை தடத்தில் 26 வருடம் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். அப்போது இந்தச் சாலை என்.எச். 47, சேலத்தில் தொடங்கிக் கன்னியாகுமரி வரை போகும். 2010-ல் எண்களை மாற்றியபோது கொச்சி வரைக்குமான பகுதி 544 ஆனது. என் வாயில் இன்னும் 47தான் வருகிறது. திண்டல், பெருந்துறை, விஜயமங்கலம், செங்கப்பள்ளி, பெருமாநல்லூர், அவிநாசி, தெக்கலூர், கருமத்தம்பட்டி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஸ்டேஜ் வரிசை மாறாமல் சொல்வேன். ஊர்ப் பெயர்தான் தெரியும், ஊர் தெரியாது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒருநாள் கர்நாடகத்திலிருந்து வந்த வயதான தம்பதி ஏறி, "பஸ்தி" என்று டிக்கெட் கேட்டார்கள். அப்படி ஒரு ஸ்டாப்பே இல்லை என்று நானும் அடித்துச் சொன்னேன். பின் சீட்டில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் ஆத்தாதான், "அவங்க நெட்டக் கோபுரத்தக் கேக்கறாங்க கண்ணு, விஜயமங்கலத்துல எறக்கி விடு" என்றார். எத்தனையோ வருடம் அந்த ஊரில் விசிலடித்தவனுக்கு அந்தக் கோபுரம் தெரியாது. அடுத்த ஓய்வு நாளில் வீட்டில் சொல்லாமல் கிளம்பிப் போய்ப் பார்த்தேன்.

மேட்டுப்புதூரில் இருக்கிறது, சந்திரபிரப தீர்த்தங்கரருக்கான சமணக் கோயில். கன்னடத்துப் பக்கம் சமணக் கோயிலை பஸ்தி என்பார்கள் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. உள்ளே புள்ளப்பை என்ற பெண்ணின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. இவர் கங்க அரசின் அமைச்சர் சாமுண்டராயரின் தங்கை. சரவணபெளகொளாவில் மலைமேல் அந்தப் பெரிய கோமதீஸ்வரர் சிலையைப் பத்தாம் நூற்றாண்டில் எழுப்பினாரே, அதே சாமுண்டராயர்தான். தங்கை இங்கே சமண முறைப்படி உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்திருக்கிறார். அண்ணன் வைத்த சிலைக்கு 12 வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் அபிஷேகத்தைப் பார்க்கப் பஸ் பிடித்துப் போகிறோம். தங்கை கண்ணை மூடிய இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நூறில் கடக்கிறோம்.

பெருங்கதை பாடிய கொங்குவேளிரும் இந்த ஊர்க்காரர் என்பது மரபு. உ.வே. சாமிநாதையர் 1924-ல் அதை அச்சிட்டபோது அவருக்குக் கிடைத்த சுவடியில் தலையும் இல்லை, வாலும் இல்லை. காவியத்தின் தொடக்கமும் முடிவும் போனது போனதுதான். அப்புறம், பெருந்துறைக்குப் பக்கத்தில் உள்ள சீனாபுரத்தை நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரின் ஊர் என்பார்கள். நன்னூல் சூத்திரம் மனப்பாடமாகாமல் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவன் நான். எழுதியவர் பக்கத்து ஊர்க்காரர் என்று தெரிந்திருந்தால் அடி ஒன்றும் குறைந்திருக்காது. யார் மேல் கோபப்படுவது என்றாவது தெரிந்திருக்கும்.

கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதனால் அதைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இல்லை. என் கவலை வேலிக்கு வெளியே இருப்பதைப் பற்றியது. பழைய ரோட்டோரத்துச் சாவடிகள், வழிப்போக்கர் கிணறுகள், ஓட்டு வீடுகளின் திண்ணைகள், சுமைதாங்கிக் கற்கள். சுமைதாங்கியை இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு பலகைக் கல். தலைச்சுமையோடு சந்தைக்கு நடப்பவர்கள் யாருடைய கையும் வேண்டாமல் கூடையை இறக்கி வைத்துவிட்டு, மறுபடி தலையில் ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் வைப்பது அது. அவள் இறக்கி வைக்காத சுமையை ஊரார் இறக்கி வைக்கட்டும் என்று.

என் தடத்தில் அப்படி ஒரு கல் இருந்தது. ஸ்டேஜ் பெயரே 'சொமதாங்கி'தான். சாலையை அகலப்படுத்தும்போது பொக்லைன் வைத்து ஓரமாக நகர்த்தினார்கள். நகர்த்தியதில் பலகைக் கல் இரண்டாக உடைந்தது. கொஞ்ச நாள் வாய்க்கால் ஓரத்தில் கிடந்தது, பிறகு அதுவும் இல்லை. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அது இன்னது என்று வந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நான் அந்த வழியாகத்தான் தினமும் நான்கு தடவை போனேன். நானும் சொல்லவில்லை.

தமிழ்நாட்டுக்கென்று தொல்லியல் சின்னங்களைக் காக்கும் சட்டம் 1966-லேயே வந்துவிட்டது. ஆனால் பட்டியலில் பெயர் ஏறினால்தான் சட்டம் கூட வரும். சாவடியும் சுமைதாங்கியும் எந்தப் பட்டியலில் இருக்கும்? அடுத்த முறை சாலையை அகலப்படுத்த அளவெடுக்க வருவதற்குள் சங்ககிரியிலிருந்து அவிநாசி வரை பழைய தடத்தை ஒருமுறை நடந்து, இருப்பதை எழுதி, படம் எடுத்து வைத்தால் போதும். கல்லூரி மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிடலாம். பெரிய செலவு ஒன்றும் இல்லை. வழிகாட்ட ஓய்வுபெற்ற ஓட்டுநர், நடத்துநர்கள் நாங்கள் இருக்கிறோம். டீக்கு மட்டும் காசு கொடுத்தால் சரி.

இன்னொன்று, டோல்கேட்டுக்கு முன்னால் பச்சைப் பலகையில் 'சமணக் கோயில்' என்று ஒரு வரியும் அம்புக்குறியும் வேண்டும். நான் பார்த்தவரை என் கண்ணில் பட்டதில்லை. கோயில் வாசலில் புள்ளப்பை யார் என்று எளிய தமிழில் நாலு வரி எழுதி வைத்தால் இன்னும் நல்லது. கல்வெட்டு வாசகத்தை மட்டும் எழுதி வைத்தால் என்னைப் போன்றவர்களுக்கு ஒன்றும் புரியாது.

உங்கள் வாசகர்கள் யாராவது போவதாக இருந்தால் ஒரு யோசனை. பைபாஸ் ரைடரில் ஏறிவிட்டு, "விஜயமங்கலம் நிக்குமுங்களா" என்று பாதி வழியில் கேட்காதீர்கள். நடத்துநர் பாவம், அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஏறும்போதே ஊருக்குள் போகிற வண்டிதானா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். இறங்கியதும் பஸ்தி எங்கே என்று கேட்க வேண்டாம், நெட்டைக் கோபுரம் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர்,
பெருந்துறை.