காரைக்குடிப் பழைய தெருக்களில் ஒரு நடைவழி: நன்கொடை வேண்டுகோள்

ஊரில் இருக்கிறவர்களுக்கும், தொழிலுக்காகச் சென்னை, மலேசியா, சிங்கப்பூர் என்று போய்த் தங்கிவிட்ட நம் ஊர்க்காரர்களுக்கும் குழுவின் வணக்கம்.

காரைக்குடிக்கு ஆள் வராமல் இல்லை. பிள்ளையார்பட்டிக்கு வரும் வேன்கள் ஊருக்குள்ளும் வருகின்றன. ஆயிரம் ஜன்னல் வீட்டு வாசலில் படம் எடுத்துக்கொள்கிறார்கள், மெஸ்ஸில் சாப்பிடுகிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014-லேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறிவிட்டன. கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரால் வரவேண்டிய வரும்படி தெருவுக்கு இன்னும் வரவில்லை.

பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோவில் தெருவில் மட்டும் நின்று நிதானமாகப் பார்க்கிறார்கள். அங்கே சாத்திவைத்திருக்கும் தேக்குத் தூணும் நிலைக்கதவும் எப்படி வந்தன என்று நமக்குத் தெரியும். பங்காளிகள் பலர், ஆளுக்கொரு ஊர். மராமத்துக்குப் பணம் போட ஒத்துவராமல் கடைசியில் பிரித்து விற்ற வீடுகள். மனசு கேட்கவில்லை. தூணை ஒருமுறைதான் விற்க முடியும். பனையோலைக் கொட்டானையும், சீடைக்காய், மனகோலம் போன்ற பலகாரங்களையும் தினமும் விற்கலாம். வருகிறவர் இரண்டு மணி நேரம் கூடுதலாக நடந்தால், கொட்டான் முடைகிற ஆச்சிக்கும் பலகாரக் கடைக்கும் ஆட்டோக்காரருக்கும் பணம் புழங்கும். வளவு என்கிற உள்முற்றத்தையும் பட்டாலை என்கிற கூடத்தையும் கட்டணத்துக்குத் திறந்துவிடுகிற வீட்டில், ஒழுகுகிற கூரை ஓடுகளை மாற்றவாவது காசு சேரும்.

கொப்புடையம்மன் கோவிலில் தொடங்கிப் பழைய தெருக்கள் வழியாக ஒரு நடைவழி அமைக்க நினைக்கிறோம். வழிகாட்டிப் பலகைகளை, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லிலேயே செய்யச் சொல்லப் போகிறோம். கண்ணாடி மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற கல் அது. பலகையே பார்க்க ஒரு பொருளாக இருக்கும். நிழலுக்கு வேப்பங்கன்றுகள், உட்காரத் திண்ணை, குடிதண்ணீர். கழிப்பறைதான் பெரிய செலவு. கட்டுவதற்கு மட்டுமல்ல, தினமும் கழுவுகிறவருக்கு மாதச் சம்பளம் கொடுக்கவும் சேர்த்தே கேட்கிறோம். பெண்களையும் வயதானவர்களையும் ஊரில் தங்கவிடாமல் துரத்துவது இந்த ஒரு குறைதான்.

ஐம்பது ரூபாயும் எங்களுக்குப் பெரிது. எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு. வரவு செலவை மாதாமாதம் எழுதி எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுவோம். பணமாகத் தர முடியாதவர்கள் வீட்டின் பழைய புகைப்படங்களைப் படியெடுக்கத் தரலாம். சனி, ஞாயிறு மட்டும் முகப்பைத் திறந்துவைக்கலாம். பூட்டிக் கிடக்கும் வீட்டின் சாவி உங்களிடம் இருந்தால், பங்காளிகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முதலில் எங்களிடம் வந்து பேசுங்கள்.