விர்ச்சுவல் மெமரி எச்சரிக்கை: நீங்கள் வைத்து அனுப்பிய குறைக்கு நான் ஏன் 1,180 ரூபாய் கட்ட வேண்டும்?

அனுப்புநர்:
ஆனைமலையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்
(பெயரும் முகவரியும் இணைத்துள்ள பில் நகலில் உள்ளன)

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓயாமல் வரும் 'மெமரி குறைவு' எச்சரிக்கை, அதைச் சரிசெய்யாமல் அலைக்கழித்தது, தொலைபேசியில் மரியாதைக் குறைவாகப் பேசியது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் உதவி எண்ணை அழைத்து, பாட்டு கேட்டு, ஒன்றை அழுத்தி, நான்கை அழுத்தி, கடைசியில் லைன் கட்டாகி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு புகார் எண் தருகிறீர்கள். பழைய எண்ணைச் சொன்னால் "அது க்ளோஸ் ஆயிடுச்சு மேடம்" என்கிறார்கள். கோளாறு அப்படியே இருக்க, புகார் மட்டும் எப்படி முடிகிறது என்பதை யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும்.

மாடலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திரையோடு சேர்ந்த அந்த வெள்ளை ஆல்-இன்-ஒன்தான். 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். அட்டைப்பெட்டியில் 'படிப்பு, கணக்கு, பொழுதுபோக்கு எல்லாம் ஒன்றில்' என்கிற மாதிரி அச்சடித்திருந்தீர்கள். அதை நம்பித்தான் பொள்ளாச்சியில் வாங்கினோம். எங்களுக்குச் சின்னதாக ஒரு நார் மில் இருக்கிறது. டேலியில் கணக்கு எழுதுவதும் மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவதும் நான்தான். பாக்கி நேரம் பெண்ணின் படிப்புக்கு.

காலையில் ஆன் செய்தால் நன்றாகத்தான் ஓடும். மத்தியானத்துக்கு மேல் ஆரம்பிக்கும். டேலியும் குரோமில் ஜிஎஸ்டி தளமும் மட்டுமே திறந்திருக்கும்போது, 'மெமரி குறைவாக உள்ளது, ஃபைல்களைச் சேமித்துவிட்டு புரோகிராம்களை மூடவும்' என்று கட்டம் வந்து நிற்கும். மூடு என்று அது காட்டுவது டேலியை. சிறிது நேரத்தில் திரை உறைந்துபோகும். எழுதிக்கொண்டிருந்த வவுச்சர் போய்விடும். மாதத்தின் 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்கிற அந்த மாத ரிட்டர்னுக்குக் கடைசி நாள். அன்றைக்குத்தான் இது தவறாமல் வரும் என்று எனக்கு ஒரு எண்ணம். தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய் அபராதம், வரிக்கு 18 சதவீத வட்டி. அதை நீங்களா கட்டுவீர்கள்?

உங்கள் ஆட்கள் முதலில் சொன்னது, "டிஸ்க் ஃபுல்லா இருக்கும், போட்டோ எல்லாம் டெலிட் பண்ணுங்க மேடம்" என்று. 1 டிபியில் முக்கால்வாசி காலி என்று சொன்னேன். "அப்போ வைரஸ்" என்றார் அடுத்தவர். அதற்கும் அடுத்தவர், ராம் கூட்ட வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம், வெளியில் போட்டால் வாரண்டி போய்விடும் என்றார். சரி, ஆளாளுக்கு ஒன்று சொல்வது சகஜம்தான் என்று அதையும் பொறுத்துக்கொண்டேன்.

ஆனால் அந்த ஒருவர் பேசியதை என்னால் விட முடியவில்லை. உங்கள் சீனியர் டெக்னிகல் சப்போர்ட்டுக்கு மாற்றிவிட்ட ஆள். நான் எச்சரிக்கையில் இருந்ததைப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே இடைமறித்து, "மேடம், விர்ச்சுவல் மெமரி எல்லாம் உங்களுக்குப் புரியாது. வீட்டுல ஆம்பளைங்க யாராவது இருந்தா போனைக் குடுங்க" என்றார். என் கணவர் அப்போது களத்தில் மஞ்சி (தேங்காய் நார்) காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இந்த மிஷினை ஆன் செய்யும் பட்டன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. அதை அவரே சொல்வார். பில் என் பெயரில், வாரண்டி பதிவு என் பெயரில், அழைத்தது நான். இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று ஆரம்பத்தில் ஒரு குரல் சொல்கிறதே, அந்தப் பதிவை எடுத்து நீங்களே ஒருமுறை கேளுங்கள். உங்கள் வீட்டுப் பெண்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள்.

மன்னிக்கவும், விஷயத்துக்கு வருகிறேன்.

வீட்டுக்கு வந்து பார்க்க ஆனைமலைக்கு ஆள் இல்லை, கோவைக்குக் கொண்டுவாருங்கள் என்றார்கள். திரையோடு சேர்ந்த பெட்டி அது. பெட்ஷீட்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஆனைமலையிலிருந்து பொள்ளாச்சி, அங்கிருந்து கிணத்துக்கடவு வழியாக உக்கடம், உக்கடத்திலிருந்து டவுன் பஸ்ஸில் காந்திபுரம். நல்ல மழை வேறு. கண்டக்டர் பெட்டிக்கும் லக்கேஜ் டிக்கெட் போட்டார். சேவை மையத்தில் டோக்கன் வாங்கிக் காத்திருந்தால், இன்ஜினியர் பெட்டியை ஆன் செய்து பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க்கா, நல்லாத்தான் ஓடுது" என்கிறார். காலையில் நன்றாகத்தான் ஓடும் என்பதைத்தானே இத்தனை நாளாகத் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்? சாயங்காலம் வரைக்கும் ஆனிலேயே வைத்துப் பாருங்கள் தம்பி என்று கெஞ்சினேன். டேபிள் காலி இல்லை என்று 'குறை எதுவும் காணப்படவில்லை' எனச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தச் சீட்டை இணைத்திருக்கிறேன். ஃபிரேம் போட்டு மாட்டலாம் என்று இருந்தேன், நகல் எடுத்து அனுப்புவதே மேல் என்று தோன்றியது.

அதே பெட்டியை அதே வழியில் இன்னொரு தடவை சுமந்து போனபோதுதான் ஃபேக்டரி ரீசெட், அதாவது எல்லாவற்றையும் அழித்து வாங்கியபோது இருந்த நிலைக்கே கொண்டுபோகும் வேலையைச் செய்தார்கள். சாஃப்ட்வேர் வேலை வாரண்டியில் வராது என்று 1,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 1,180 ரூபாய் வாங்கினார்கள். பில்லில் 'வைரஸ் நீக்கம்' என்று போட்டிருக்கிறது. எந்த வைரஸ் என்று கேட்டேன், "ஜெனரலா அப்படித்தாங்க்கா போடுவோம்" என்றார் கவுண்டரில் இருந்த பெண். வராத சரக்குக்கு நாங்கள் பில் போட்டால் வரித்துறை சும்மா விடுமா? போகட்டும், அது உங்கள் கணக்கு.

வீட்டுக்கு வந்த மறுநாள் மத்தியானம் மறுபடி அதே கட்டம்.

கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டில் பாலிடெக்னிக் படிக்கும் தம்பி. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைக் காட்டினான். 'கமிட்டட்' என்ற இடத்தில் 4.6 / 4.8 ஜிபி என்று இருந்தது. பின்னால் உள்ள எண்தான் எல்லை என்றான். ராமும் ஹார்ட் டிஸ்கில் இருக்கும் பேஜ் ஃபைலும் சேர்ந்ததுதான் அந்த எல்லையாம். எனக்குப் புரியாது என்று சொன்ன விர்ச்சுவல் மெமரி இதுதான். ஓடும் புரோகிராம்களுக்கு ராமில் இடம் போதாதபோது விண்டோஸ் தற்போதைக்குத் தேவைப்படாததை டிஸ்கில் இந்த பேஜ் ஃபைலில் எழுதி வைத்து இடம் பண்ணிக்கொள்கிறது. உங்கள் பெட்டியில் உபயோகிக்கக் கிடைப்பது 3.8 ஜிபி ராம். அப்படியானால் பேஜ் ஃபைல் வெறும் 1 ஜிபி. சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய்ப் பார்த்தால், 'எல்லா டிரைவுக்கும் பேஜ் ஃபைல் அளவைத் தானாக நிர்வகி' என்ற டிக் எடுக்கப்பட்டு, கஸ்டம் சைஸில் ஆரம்பமும் 1024, உச்சமும் 1024 எம்பி என்று பூட்டி வைத்திருக்கிறது. இதை நாங்கள் யாரும் தொட்டதில்லை. உங்கள் ஆட்கள் ரீசெட் செய்து தந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. அப்படியென்றால் இது உங்கள் தொழிற்சாலை இமேஜிலேயே, அதாவது நீங்கள் பதிந்து அனுப்பும் விண்டோஸ் பிரதியிலேயே இருந்து வருகிறது.

அந்த டிக் மட்டும் இருந்திருந்தால் 4 ஜிபி ராமுக்கு விண்டோஸே பேஜ் ஃபைலை 12 ஜிபி வரை வளர்த்துக்கொள்ளும். டிஸ்கில் இடத்துக்கா பஞ்சம்?

இன்னொன்றும் காட்டினான். விண்டோஸ் தனக்குள் நடப்பதைக் குறித்து வைப்பதைக் காட்டும் ஈவென்ட் வியூவரில், சிஸ்டம் பதிவில் 2004 என்ற எண்ணோடு வரிசையாக எச்சரிக்கைகள். 'ரிசோர்ஸ் எக்ஸ்ஹாஸ்ஷன் டிடெக்டர்' என்று பெயர். விர்ச்சுவல் மெமரி தீரும்போது அதிகம் தின்ற புரோகிராம்கள் எவை என்று விண்டோஸே அதில் எழுதி வைக்கிறதாம். ஒவ்வொன்றிலும் முதல் பெயர் டேலியும் இல்லை, குரோமும் இல்லை. உங்களுடைய அந்த உதவியாளர் செயலி! 'உங்கள் கம்ப்யூட்டரின் ஆரோக்கியத்தைக் கவனித்துக்கொள்கிறோம்' என்று மூலையில் உட்கார்ந்திருக்கிறதே, அதுதான். காலையில் 150 எம்பி அளவில் இருந்தது சாயங்காலம் ஒன்றரை ஜிபியைத் தாண்டுகிறது. எடுத்த மெமரியைத் திருப்பிக் கொடுப்பதே இல்லை. ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி 150. உங்கள் இன்ஜினியரின் பத்து நிமிடத்தில் ஏன் ஒன்றும் தெரியவில்லை என்று இப்போது புரிகிறதா? ஈவென்ட் வியூவரைத் திறக்க அவருக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். ரீசெட் செய்வதற்கு முன்னாலாவது பார்த்திருக்கலாம், செய்ததும் பழைய பதிவுகள் அத்தனையும் அழிந்துபோயின.

எங்கள் பக்கம் தென்னைக்கு வேர்வாடல் நோய் பாடாய்ப் படுத்துகிறது. நோய் பிடித்த மரத்தை வெட்டிவிட்டு அதே தோப்பிலிருந்து நாற்று எடுத்து அதே குழியில் நட்டு, அதற்குக் கூலியும் கேட்டால் எப்படி இருக்கும்? அதைத்தான் நீங்கள் ஃபேக்டரி ரீசெட் என்கிறீர்கள்.

தம்பி அந்த டிக்கைப் போட்டுக் கொடுத்த பிறகு எச்சரிக்கை நின்றுவிட்டது. அதோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் செயலி இன்னமும் வீங்கிக்கொண்டேதான் இருக்கிறது. இப்போது அது டிஸ்கைத் தின்கிறது. சாயங்காலமானால் டிஸ்கின் வேலைப்பளு 100 சதவீதம் என்று காட்டுகிறது, ஒரு லெட்ஜர் திறக்கும் நேரத்தில் நான் அடுப்பில் பால் காய்ச்சி இறக்கிவிடுகிறேன். ஸ்டார்ட்அப்பில் அதை நிறுத்தினால், அடுத்த அப்டேட்டில் தானாக எழுந்துவிடுகிறது. நீக்கிவிடலாமா என்று போனில் கேட்டதற்கு, நீக்கினால் வாரண்டி சேவை கிடைக்காது என்கிறார்கள். கூடவே, டேலி போட்டிருப்பதால் இது வியாபார உபயோகம், வீட்டு வாரண்டியில் வராது என்று புதிதாக ஒரு கதை. உங்கள் அட்டைப்பெட்டியில் 'கணக்கு' என்று போட்டது யார்? 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவின் விளக்கத்தைப் படியுங்கள். சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவது வியாபார நோக்கம் ஆகாது என்று தெளிவாக இருக்கிறது. இதுவும் எனக்குப் புரியாது என்று சொல்லுவாரோ அந்த சீனியர்!

பொறியியல் கலந்தாய்வுக்கு என் பெண் கல்லூரிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த நேரத்தில் பிரவுசர் மூடிக்கொண்டதையும் சொல்ல வேண்டும். ராத்திரியில் பொள்ளாச்சிக்கு வண்டியில் ஓடி பிரவுசிங் சென்டரில் முடித்தோம். ஒரு நாள் தவறியிருந்தால் அவள் வாழ்க்கையே தலைகீழாகப் போயிருக்கும். இன்வாய்ஸ் நேரத்துக்குப் போகாததால் ஒரு பெரிய வியாபாரி எங்களை விட்டே போய்விட்டார். மொத்தமாகப் பார்த்தால் எனக்கு நஷ்டம் இரண்டு லட்சத்துக்குக் குறையாது, மன உளைச்சல் தனி. "உட்டுத்தள்ளு கண்ணு, புதுசு ஒண்ணு வாங்கிக்கலாம்" என்கிறார் என் கணவர். இதே காசில் இரண்டு கறவை எருமை வாங்கியிருக்கலாம் என்கிறார் என் மாமியார். எனக்கு அப்படி விட மனமில்லை.

உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை ஒன்றும் இல்லை. திரை நன்றாக இருக்கிறது, ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது. ஆகவே பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். உங்கள் செயலியின் கோளாறைச் சரிசெய்யுங்கள், அதுவரைக்கும் வாரண்டி பாதிக்காமல் அதை நீக்கிக்கொள்ள எழுத்தில் அனுமதி கொடுங்கள். 1,180 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். இத்தனை அலைச்சலுக்கு ஈடாக இன்னொரு 4 ஜிபி ராமை உங்கள் செலவில், எங்கள் வீட்டுக்கு வந்து போட்டுத்தாருங்கள். மறுபடி மடியில் சுமந்துகொண்டு நான் உக்கடம் வர மாட்டேன். இதே மாடலை வாங்கிய மற்றவர்களுக்கும் அந்த 1024 எம்பி பூட்டை அப்டேட் மூலம் எடுத்துவிடுங்கள், பாவம் எத்தனை பேர் போட்டோவை அழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ. அப்புறம் அந்த சீனியர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவரே கேட்க வேண்டும், கம்பெனியின் அச்சடித்த வருத்தம் எனக்கு வேண்டாம்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்துவிட்டு, கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட அதே சட்டத்தின் 34ஆம் பிரிவு இடம் தருகிறது. வாங்கிய பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. நானே வந்து பேசுவேன். டாஸ்க் மேனேஜர் படத்தையும் 2004 பதிவுகளையும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். இவ்வளவு தூரம் போக வைக்காமல் நல்லபடியாக முடித்துத் தருவீர்கள் என்று நம்புகிறேன்.

தொலைபேசியில் அழைப்பதானால் மத்தியானம் 2 மணிக்கு மேல் அழையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
ஆனைமலை, கோவை மாவட்டம்.

இணைப்பு: கம்ப்யூட்டர் வாங்கிய பில், 'குறை எதுவும் காணப்படவில்லை' சீட்டு, 'வைரஸ் நீக்கம்' பில், ஈவென்ட் வியூவர் பதிவுகளின் அச்சுப் பிரதிகள், லக்கேஜ் டிக்கெட் உட்பட பஸ் டிக்கெட்டுகள்.