ஒரு முறை இறக்கினால் போதும்

காட்பாடி

அன்புள்ள சேகர்,

ஒடுகத்தூர், பீஞ்சமந்தைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு என்பிடெல் (ஐஐடிகள் நடத்தும் இலவச இணையப் பாடங்கள்) லெக்சர்களைக் கொடுக்கும் வேலையை உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்று மணி சொன்னான். அவ்வளவு சந்தோஷம்! அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே வெயிலைத் தவிர எல்லோரும் சுகம்.

நீ லிங்க் அனுப்பிவிட்டு உட்கார்ந்துவிடுவாய். அது வேண்டாம்டா, ஒவ்வொரு பிள்ளையும் தன் டேட்டாவில் இறக்க வேண்டிவரும். கல்லூரி வைஃபையில் ஒருவர் இறக்கினால் போதும், மற்றவர்கள் போனிலிருந்து போனுக்கு வாங்கிக்கொள்ளட்டும். என்பிடெல் பாடங்களைப் பெயர் குறிப்பிட்டுப் பகிர அனுமதி உண்டு. அந்த உரிமக் குறிப்பையும் ஃபோல்டரில் போட்டுவிடு.

முதலில் சைஸைக் குறை. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் 480பி, நொடிக்கு 15 ஃபிரேம், வீடியோவுக்கு நொடிக்கு 250 கிலோபிட், ஆடியோ மோனோவில் 48 கிலோபிட் என்று வை. 55 நிமிட லெக்சர் ஏறக்குறைய 125 எம்பி ஆகும். 40 லெக்சர் 5 ஜிபி. 32 ஜிபி கார்டில் ஐந்து சப்ஜெக்ட் அடங்கும். சர்க்யூட் படத்தில் எழுத்து மங்கினால் அந்த லெக்சரை மட்டும் 720பி-யில் விடு. வீடியோவை அமுக்கும் முறைகளில் எச்.265 சிறிதாகத்தான் வரும், ஆனால் பழைய போன்களில் படம் திக்கும், பேட்டரியும் இறங்கும். எச்.264 போதும்.

ப்ளூடூத் நொடிக்கு 200 கேபி அளவில்தான் போகும்: ஒரு லெக்சருக்குப் பத்து நிமிடம், 5 ஜிபிக்கு ஏழு மணி நேரம். வைஃபையில் நொடிக்கு 5 எம்பி வந்தாலே அதே 5 ஜிபி பதினேழு நிமிடத்தில் முடியும். ஃபைல் அனுப்பும் ஷேர்இட், ஜெண்டர் (Xender) இரண்டும் 2020 ஜூனில் இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் இருந்தவை. எங்கிருந்தோ வரும் ஏபிகேவை (செயலியை ஏற்றும் ஃபைலை)ப் பிள்ளைகள் ஏற்ற விடாதே. ஆண்ட்ராய்டுக்குள் குவிக் ஷேர் இருக்கிறது. லேப்டாப்பும் சேர வேண்டுமென்றால் லோக்கல்சென்ட் என்ற செயலி. ஒருவர் ஹாட்ஸ்பாட் போட்டால் இன்டர்நெட் இல்லாமலே ஓடும். ஹாட்ஸ்பாட் போடுபவர் மொபைல் டேட்டாவை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சேர்ந்தவர்களின் அப்டேட்டெல்லாம் அவர் பேக்கில் இறங்கும். சேருகிறவர்களிடம் 'இன்டர்நெட் இல்லை, இணைந்திருக்கவா' என்று போன் கேட்கும். ஆம் சொல்லாவிட்டால் அது மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். லேப்டாப் கண்ணில் படவில்லையா, ஃபயர்வாலில் லோக்கல்சென்ட்டின் 53317 போர்ட்டைத் திறந்து பார்.

என் பெரிய கவலை இதெல்லாம் இல்லை. பாதியில் அறுந்த ஃபைல் கைக்குக் கை போவதுதான். எம்பி4 வீடியோவில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் இண்டெக்ஸ் சாதாரணமாக ஃபைலின் கடைசியில் இருக்கும். அறுந்தால் ஃபைல் திறக்கவே திறக்காது, உடனே தெரிந்துவிடும். ஹேண்ட்பிரேக்கில் 'வெப் ஆப்டிமைஸ்டு' டிக் போட்டால் இண்டெக்ஸ் முன்னால் வந்துவிடும். அப்போது பாதி ஃபைலும் ஓடும், பார்க்கிற பிள்ளை பாடமே அவ்வளவுதான் என்று நம்பும். அந்த டிக்கை எடுத்துவிடு. கூடவே ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் லெக்சர் எண், நிமிடம், பைட் அளவு மூன்றையும் எழுதி வை. பைட் ஒத்துப்போகாத ஃபைலை அடுத்தவருக்கு அனுப்பக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்.

வாட்ஸாப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி அமுக்கி, போர்டில் இருப்பதைப் படிக்க முடியாமல் செய்துவிடும், பெயரும் மாறிவிடும். டாக்குமென்ட்டாகத்தான் அனுப்ப வேண்டும். எண்களை 01, 02 என்றே வை, இல்லாவிட்டால் சில போன்களில் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும். முழு சப்ஜெக்டையும் ஒரே ஜிப்பாகக் கட்டாதே. 32 ஜிபி கார்டுகள் ஃபேட்32 என்ற ஃபார்மேட்டில் வருபவை, 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் ஏறாது. ஃபோல்டர் பெயரிலேயே எந்த ரெகுலேஷனுக்கு (பாடத்திட்ட ஆண்டுக்கு) உரியது என்று போடு. பழைய 2017 ரெகுலேஷன் நோட்ஸ் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள யாரும் இல்லாத பிள்ளை அதைப் படித்துவிட்டுப் பரீட்சை எழுதப் போனால், அந்த அரியருக்கு யார் பொறுப்பு சொல்லு?

புதன்கிழமை மணி அந்தப் பக்கம் வருகிறான். கார்டு ரீடரும், அதைப் போனில் மாட்ட ஓடிஜி கேபிளும் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் பிள்ளைகளிடம் அதிகம் இருப்பது டைப்-சியா, பழைய மைக்ரோவா என்று அதற்குள் ஒரு வரி எழுது.

அன்புடன்,
ரவி